அடைப்புக்குறிக்குள் இருப்பவர்

இந்த வாரமும் ஒரு பழைய பாட்டைக் குளிப்பாட்டி, புது டிரம்ஸ் மாட்டிப் படத்தில் இறக்கியிருக்கிறார்கள். டி.வி.யில் நாலு பேர் 'கெடுத்துவிட்டார்கள்' என்கிறார்கள். எதிரே நாலு பேர் 'இளைஞர்களிடம் கொண்டுபோய்ச் சேர்க்கிறோம்' என்கிறார்கள். நானும் வரிந்துகட்டிக்கொண்டு வருவேன் என்று எதிர்பார்த்துச் சில வாசகர்கள் எழுதியிருக்கிறார்கள். மாட்டேன். யார் கை பட்டாலும் பழைய பாட்டு செத்துவிடாது. மூலம் அங்கேயேதான் இருக்கிறது, போட்டுக் கேட்டுக்கொள்ளலாம்.

என் எரிச்சல் வேறு. அந்த ரீமிக்ஸைச் செய்தது யார்? போஸ்டரில் அன்றைய இசையமைப்பாளர் பெயர் இருக்கிறது, இன்றைய இசையமைப்பாளர் பெயரும் இருக்கிறது. ராத்திரி கண்விழித்து அந்தக் குரலைத் தனியே பிரித்து, புதுத் தாளத்தில் உட்காரவைத்த பையனோ பெண்ணோ, அவர் பெயரை மட்டும் காணோம். பாட்டுச் செயலியில் தேடினேன். தலைப்பு நீளமாம், பாதியில் மூன்று புள்ளி வைத்து முடித்துவிட்டது.

இந்த மூன்று புள்ளியைப் பற்றி ஏற்கெனவே புலம்பியிருக்கிறேன் என்பது பழைய வாசகர்களுக்குத் தெரியும். மறுபடியும் புலம்பப்போகிறேன். பாட்டின் பெயர் முதலில், ரீமிக்ஸ் செய்தவர் பெயர் கடைசியில் அடைப்புக்குறிக்குள், இதுதான் உலக வழக்கம். போன் திரையில் இடம் போதாவிட்டால் முதலில் வெட்டுப்படுவது அந்த அடைப்புக்குறி. எனக்குத் தெரிந்த நடன இசை முக்கால்வாசி அதன் வழியாகத்தான் வந்து சேர்ந்தது.

'கே அண்ட் டி செஷன்ஸ்' பற்றிச் சொல்ல வேண்டும். வியன்னாவைச் சேர்ந்த பீட்டர் குரூடர், ரிச்சர்ட் டோர்ஃப்மைஸ்டர் இருவரும் அடுத்தவர் பாட்டுகளுக்குச் செய்த ரீமிக்ஸ்களை அள்ளி, 1998இல் இரட்டை சிடியாகப் போட்டார்கள். எனக்கு வாய்த்தது பர்மா பஜார் நகல். உறையையும் ஜெராக்ஸ் எடுத்துச் சொருகியிருந்தார்கள். பின்பக்க எழுத்தெல்லாம் எறும்பு வரிசை. பூதக்கண்ணாடி வைத்துத்தான் படிக்க முடிந்தது.

அதை வாங்கியதற்குக் காரணம் டெபெஷ் மோட் என்ற இங்கிலாந்துக் குழுவின் பெயர் ஒன்றுதான். அவர்களுடைய 'யூஸ்லெஸ்' பாட்டை ஏற்கெனவே கேட்டிருந்தேன். இங்கே குரல் மட்டும்தான் அடையாளம் தெரிந்தது. மற்றதையெல்லாம் ஏறக்குறையக் கழற்றிப் போட்டுவிட்டு, அடியில் கனமான ஒரு பேஸ், சோம்பல் முறிக்கும் டிரம்ஸ், நடுவில் நிறைய வெற்றிடம். நம் ஊரில் ரீமிக்ஸ் என்றால் வேகம் கூட்ட வேண்டும், இடைவெளி கண்ட இடத்தில் 'யோ' போட வேண்டும். இவர்கள் பாட்டுக்கு மூச்சுவிட இடம் கொடுத்திருந்தார்கள்.

தெரிந்த குரலைப் பிடித்துக்கொண்டு உள்ளே போனவனைத் தெரியாத பெயர்கள் இழுத்துக்கொண்டன. ரோனி சைஸ் யார் என்று விசாரித்தால் பிரிஸ்டல்காரர், டிரம் அண்ட் பேஸ் ஆள், 1997இல் 'நியூ ஃபார்ம்ஸ்' ஆல்பத்துக்காகத் தன் குழுவோடு மெர்க்குரி பரிசு வாங்கியவர். ராக்கர்ஸ் ஹை-ஃபை பர்மிங்காம், லாம்ப் மான்செஸ்டர், சோஃபா சர்ஃபர்ஸ் குரூடர், டோர்ஃப்மைஸ்டரின் வியன்னாவிலேயே பக்கத்து ஆட்கள். கிளீவ்லாந்தின் போன் தக்ஸ் அன் ஹார்மனியைக் கூட விட்டுவைக்கவில்லை. வானொலி இந்தப் பெயர்களை எனக்குச் சொன்னதில்லை, பத்திரிகையும் சொன்னதில்லை. ஒரு தொகுப்பின் பின்னட்டை சொன்னது.

ராக்கர்ஸ் ஹை-ஃபையைப் பின்தொடர்ந்தால் டப் இசை. அங்கிருந்து நேரே ஜமைக்கா. 1960களின் கடைசியில், டியூக் ரீடின் ஸ்டூடியோவில், சவுண்ட் சிஸ்டம், அதாவது பெரிய ஸ்பீக்கர் அடுக்கி ஆட்டத்துக்குத் தட்டு போடும் அமைப்பு, நடத்திவந்த ரட்டி ரெட்வுட் என்பவருக்காக 'ஆன் தி பீச்' பாட்டைத் தட்டில் வெட்டும்போது பாடகர் குரலை இணைக்க மறந்துபோனார்கள் என்று கதை. குரலில்லாத தட்டை அன்றிரவு போட, கூட்டமே சேர்ந்து பாடியதாம். கிங்ஸ்டனில் ரேடியோ ரிப்பேர் செய்துகொண்டிருந்த கிங் டபி அந்த விபத்தைக் கலையாக்கினார். வெறும் நான்கு டிராக் மிக்ஸர்தான். குரலை ஒரு வரியோடு நிறுத்துவார், அதன் எதிரொலியை மட்டும் ஓடவிடுவார், டிரம்ஸைத் தூக்குவார், பேஸைத் தனியே நடக்கவைப்பார். மிக்ஸிங் மேடையே ஒரு வாத்தியம் என்பது அங்கே தெரிந்துபோயிற்று. வியன்னாக்காரர்களின் வெற்றிடம் எங்கிருந்து வந்தது என்பது இதைக் கேட்டபிறகுதான் எனக்குப் பிடிபட்டது.

நியூயார்க்கிலும் விபத்துதான். 1970களின் நடுவில், டிஸ்கோ பாட்டுகளை ரீமிக்ஸ் செய்துவந்த டாம் மோல்ட்டன் ஒரு பாட்டுக்கு மாதிரித் தட்டு வெட்டப் போனார். ஏழு அங்குல வெற்றுத் தட்டு தீர்ந்துவிட்டதால் பத்து அங்குலத்தில் வெட்டினார்கள். இடம் தாராளமாக இருந்ததால் வரிப்பள்ளங்களை அகட்டிப் போட, சத்தம் எகிறியது, பேஸ் வயிற்றில் இடித்தது. அப்புறம் பன்னிரண்டு அங்குலம். 1976இல் சால்சோல் நிறுவனம் 'டென் பர்சென்ட்' பாட்டை வால்டர் கிப்பன்ஸ் கையால் நீட்டி, பன்னிரண்டு அங்குலத் தட்டாகவே கடைக்கு அனுப்பியது. கிப்பன்ஸ் பாட்டு எழுதியவரல்ல, பாடியவரல்ல. கிளப்பில் தட்டு போடுகிறவர். எந்த இடத்தில் கூட்டம் ஆடுகிறது என்று தெரிந்தவர். அந்த இடத்தை நீட்டினார், அவ்வளவுதான்.

தொழிலின் போக்கிரித்தனத்தையும் சொல்லிவிடுகிறேன். இங்கிலாந்தின் அஃபெக்ஸ் ட்வின் 2003இல் தன் ரீமிக்ஸ்களைத் தொகுத்து 'காசுக்காக 26 மிக்ஸ்' என்ற அர்த்தத்தில் பெயர் வைத்தார். லெமன்ஹெட்ஸ் குழுவின் பாட்டை ரீமிக்ஸ் செய்ய ஒப்புக்கொண்டு மறந்துவிட்டாராம். கூரியர்க்காரர் வாசலில் வந்து நின்றதும், கைக்குக் கிடைத்த தன் பழைய டேப்பை எடுத்துக் கொடுத்து அனுப்பியதாகக் கதை. ஆனால் அதே தொகுப்பில் பிலிப் கிளாஸின் சிம்பொனி வாத்தியங்களோடு டேவிட் போவியின் குரலைச் சேர்த்த ஒரு ரீமிக்ஸ் இருக்கிறது. காசுக்காகச் செய்தது என்று யாரும் நம்பமாட்டார்கள்.

நம் ஆளும் இப்படி ஒரு பின்னட்டையில் இருக்கிறார். 1997இல் லண்டனில் தபலாக் கலைஞர் தல்வின் சிங் 'அனோகா: சவுண்ட்ஸ் ஆஃப் தி ஏசியன் அண்டர்கிரவுண்ட்' என்றொரு தொகுப்பு கொண்டுவந்தார். ஹாக்ஸ்டனில் ப்ளூ நோட் கிளப்பில் அவர் நடத்திய இரவுகளின் பெயர்தான் அனோகா. தபலாவும் டிரம் அண்ட் பேஸும் முட்டிக்கொள்ளும் அந்தத் தட்டில், ஸ்டேட் ஆஃப் பெங்கால் போன்ற பெயர்களுக்கு நடுவில் ஏ.ஆர். ரஹ்மான். 'பம்பாய்' படத்தின் தீம் இசை. நமக்கு அது கலவரக் காட்சியும் மனீஷா கொய்ராலாவும். படம் பார்க்காத லண்டன் பையனுக்கு அது இரண்டு பேய்த்தனமான தாளங்களுக்கு நடுவே கிடைத்த ஒரு புல்லாங்குழல். எத்தனை பேர் அந்தப் பெயரைப் பின்தொடர்ந்து நம் பாட்டுகளுக்கு வந்து சேர்ந்தார்களோ!

தொகுப்பு தேடிப் போகிறவர்கள் வியன்னாக்காரர்களின் 'கே அண்ட் டி செஷன்ஸ்' தொகுப்பிலிருந்தே தொடங்கலாம். இரண்டாவது சிடியை ராத்திரிக்கு வைத்துக்கொள்ளுங்கள். போன் ஸ்பீக்கரில் போட்டுவிட்டு 'ஒன்றும் கேட்கவில்லையே' என்று எனக்கு எழுதாதீர்கள், பேஸ் அதில் வராது. குரூடரும் டோர்ஃப்மைஸ்டரும் தொண்ணூறுகளில் செய்துவைத்த சொந்த இசையை '1995' என்ற பெயரில் 2020இல்தான் வெளியிட்டார்கள். ஆசையோடு கேட்டேன். நன்றாகத்தான் இருக்கிறது. இருந்தாலும் ஊரான் பாட்டில் கைவைத்தபோது இருந்த தைரியம் அதில் கொஞ்சம் கம்மி.