ஒற்றை வண்டிக்காரரின் குரல்



திருவண்ணாமலையில் செங்கம் சாலை வழியே செல்வோர், ரமணாசிரமத்தின் அருகே ஆட்டோக்கள் வரிசையாக நிற்பதைக் கண்டிருப்பீர்கள். அங்கு ஆட்டோ ஓட்டும் சகோதரர் ஒருவர் அண்மையில் தம் மனக்குறையை என்னிடம் கொட்டினார். மனைவியின் நகைகளை அடகு வைத்து வண்டி வாங்கியவர் அவர். பௌர்ணமியன்று கிரிவலப் பாதையில் வாகனங்களுக்குக் கட்டுப்பாடு உண்டு. ஊரே நிரம்பி வழியும் நாளில் அவருடைய வண்டி வீட்டு வாசலில் நிற்கிறது.

"மக்கள் நடக்கும் பாதையில் வண்டி வேண்டாம் என்பது நியாயந்தான் பாய். எதுவரை ஓட்டலாம், எங்கே நிறுத்தலாம் என்பதையாவது முன்கூட்டிச் சொல்லலாமே! ஒற்றை ஆளாகப் போய்க் கேட்டால் யார் காது கொடுக்கிறார்கள்?" என்றார்.

"சங்கத்தில் சேர்ந்தீர்களா தம்பி?" என்று கேட்டேன்.

"சந்தா கட்டுவதுதான் மிச்சம்" என்றார்.

அவருக்குச் சொன்ன வரலாற்றை உங்களுக்கும் சொல்கிறேன்.

இங்கிலாந்தில் 1865ஆம் ஆண்டுச் சட்டப்படி, சாலையில் செல்லும் இயந்திர வண்டிக்கு முன்னால் ஒருவர் செங்கொடி பிடித்து நடக்க வேண்டும். 1896இல் புதிய சட்டம் வந்து மோட்டார் வண்டிகளுக்கு வழி திறந்தது. ஆனால், வண்டியின் வெற்று எடை 3 டன்னுக்கும் குறைவாக இருக்க வேண்டும் என்றது. அத்தனை இலேசான வண்டியில் பாரம் ஏற்றிப் பிழைப்பது எளிதன்று.

இரயில் கட்டணச் சுமையால் வருந்திய லிவர்பூல் நகர வணிக வட்டாரத்தில், 1896இலேயே இயந்திர வண்டிகளுக்கென ஒரு சங்கம் தோன்றியது. அதன் செயலாளர் ஷ்ராப்னெல் ஸ்மித். அச்சங்கம் 1898, 1899, 1901 ஆகிய ஆண்டுகளில் பார வண்டிகளைப் பொதுச் சாலைகளில் ஓட்டிச் சோதித்தது. எவ்வளவு பாரம், எவ்வளவு எரிபொருள், எத்தனை நேரம், என்ன செலவு என்று நடுவர்கள் அளந்து அறிக்கை தந்தார்கள். 1904ஆம் ஆண்டு ஆணை அந்த வரம்பை 5 டன்னாக உயர்த்தியது. அதற்குத் துணை நின்றவற்றுள் இக்கணக்குகளும் அடங்கும்.

அக்காலத்திலேயே வணிக மோட்டார் வண்டிகளைப் பயன்படுத்துவோருக்கென்று தனிச் சங்கமும் உருவாயிற்று. சாலை பழுதானால் செலவையெல்லாம் வண்டிக்காரர் தலையில் சுமத்துவதை அது எதிர்த்தது. அதே சங்கம் வண்டிகளின் அணிவகுப்பு நடத்தி, வண்டியை நன்கு பேணிய ஓட்டுநர்களுக்குப் பரிசும் வழங்கியது. உரிமை கேட்டவர்கள் ஒழுங்கையும் மறக்கவில்லை.

நம் நாட்டில், மோட்டார் போட்டியால் இரயில்வே வருவாய் குறைகிறதே என்று ஆங்கில அரசு கவலைப்பட்ட காலத்தில், 1936இல் அகில இந்திய மோட்டார் போக்குவரத்துக் காங்கிரஸ் பிறந்தது. மூன்றே ஆண்டுகளில், பெர்மிட் முறையை விரிவாக வகுத்த 1939ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டம் வந்தது. பெர்மிட்டே பிழைப்பு என்றான பின், அதைத் தருபவரிடம் தனியாளாக வழக்காட யாரால் முடியும்?

சங்கம் என்றால் வேலைநிறுத்தம் மட்டுமே என்று எண்ணிவிடக் கூடாது. ஆதாரம் திரட்டுவதே அதன் முதல் வேலை. பௌர்ணமிதோறும் எத்தனை சவாரி, எங்கே தடுக்கப்பட்டோம், எவ்வளவு வருவாய் இழந்தோம் என்று ஒவ்வொருவரும் குறித்து வைக்கட்டும். இருபது குறிப்பேடுகள் ஒன்றாக மேசைக்கு வந்தால், அதிகாரியும் கேட்டே தீர வேண்டியிருக்கும். வெளியூர்ப் பயணியிடம் நியாயமான கட்டணம் வாங்குவோம் என்ற உறுதியும் அந்த மனுவில் இடம்பெற்றால், அதன் மதிப்பு இன்னும் கூடும்.

இதில் நம் வீட்டுப் பெண்களுக்கும் பங்கு உண்டு. அடகில் இருப்பது அவர்களின் நகையல்லவா? இரவில் கணவர் வண்டியை நிறுத்தியதும் அன்றைய கணக்கைக் கேட்டு எழுதி வையுங்கள். இன்ஷூரன்ஸ், பெர்மிட், எஃப்.சி. முடியும் தேதிகளை அதன் முதல் பக்கத்தில் குறித்திடுங்கள்.

அந்தச் சகோதரர் சற்று யோசித்தார். "எனக்கு எழுத்து அவ்வளவாக வராது பாய். மகள் எட்டாம் வகுப்புப் படிக்கிறாள். இன்ஷா அல்லாஹ், இன்றிரவே தொடங்கச் சொல்கிறேன்" என்று கூறி, வந்த சவாரியை ஏற்றிக்கொண்டு புறப்பட்டார்.