கத்தி ரெண்டாச்சு... கேம் காலி!



டி.பி.எம்.எஸ். பேப்பர்ல 'டிரான்ஸாக்‌ஷன்'னு ஒரு சாப்டர் வரும். 'ஏ' அக்கவுன்ட்ல 500 ரூபாய் குறையணும், 'பி' அக்கவுன்ட்ல 500 ரூபாய் ஏறணும். நடந்தா ரெண்டும் நடக்கணும், இல்லேன்னா ரெண்டுமே நடக்கக் கூடாது. இதை போர்டுல எழுதும்போதே பாதி கிளாஸ் கொட்டாவி விடும். ஆனா, ராத்திரி ரெண்டு மணி வரைக்கும் கண் முழிச்சு நீங்க ஆடுற ஆன்லைன் கேம் உசிரோட இருக்கிறதே இந்த சாப்டராலதான்!

எப்படின்னு கேக்கறீங்களா? மூணு மாசம் மாங்கு மாங்குன்னு ஆடி ஒரு அபூர்வ கத்தி ஜெயிச்சிருக்கீங்க. அதை ஃப்ரெண்டுக்கு வித்துடறீங்க. சர்வருக்கு இது ரெண்டு வேலை. அவன் பையில கத்தியைச் சேர்க்கணும், உங்க பையிலிருந்து எடுக்கணும். சேர்த்து முடிச்ச அந்த நொடி சர்வர் படுத்துட்டா? கத்தி ரெண்டு பேர்கிட்டயும் இருக்கும்!

'ஐ, ஜாலி'னு குதிக்காதீங்க. இதுக்குப் பேர் 'டூப்பிங்'. இதையே தொழிலா பண்ற கில்லாடிகள் உண்டு. ஒண்ணு ரெண்டாகி, ரெண்டு ஆயிரமானா அந்தக் கத்திக்கு மார்க்கெட்ல மதிப்பே இருக்காது. நேர்மையா ஆடினவனோட மூணு மாச உழைப்பு கோவிந்தா! கேமுக்குள்ள ஓடுற பொருளாதாரம் அவ்வளவு சீரியஸான சமாச்சாரம். அதைக் கண்காணிக்க, 'ஈவ் ஆன்லைன்' விளையாட்டை நடத்துற ஐஸ்லாந்து கம்பெனி சி.சி.பி., 2007-ல ஒரு பொருளாதார நிபுணரையே வேலைக்கு எடுத்தது.

'அப்போ எல்லாத்தையும் உடனுக்குடன் டேட்டாபேஸ்ல எழுதிட வேண்டியதுதானே?' அங்கேதான் சிக்கல் பாஸ். 5,000 பேர் ஆடறாங்க, ஒவ்வொருத்தர் நிக்கிற இடத்தையும் நொடிக்கு 10 தடவை எழுதணும்னு வெச்சுக்குங்க. நொடிக்கு 50,000 எழுத்து வேலை! டிஸ்க் திணறிடும். அதனால, நிக்கிற இடம், ஓடுற வேகம் எல்லாம் சர்வரோட மெமரியில இருக்கும், அப்பப்போ மட்டும் சேவ் ஆகும். பணம், பொருள் கைமாறினா மட்டும் உடனே டேட்டாபேஸுக்குப் போகணும். சர்வர் படுத்து எழுந்ததும் நீங்க பத்தடி பின்னால நிக்கலாம். பையில இருக்கிறது மாறக்கூடாது.

கூட்டத்தைச் சமாளிக்க இன்னொரு வழி, உலகத்தையே காப்பி எடுக்கிறது. 2004-ல வந்த 'வேர்ல்டு ஆஃப் வார்கிராஃப்ட்' ஆட்டக்காரர்களைப் பல 'ரெல்ம்'களாப் பிரிச்சுது. 2003-ல வந்த ஈவ் அப்படிப் பண்ணலை. சீனாவுக்கு மட்டும் தனி சர்வர், மத்த எல்லாருக்கும் ஒரே பிரபஞ்சம்.

அதுக்குப் பெரிய பரீட்சை 2014 ஜனவரி 27-ல வந்தது. ஒரு நட்சத்திர மண்டலத்துக்குப் பராமரிப்புக் கட்டணம் கட்டாமப் போக, அங்கே வெடிச்சது சண்டை. 7,500 பேருக்கு மேல, சுமார் 21 மணி நேரம் மோதினாங்க. ஈவ்ல மிகப் பெரிய கப்பல் டைட்டன். அதுல மட்டும் 75 காலி. மொத்த நஷ்டம் நிஜப் பணத்துல 3 லட்சம் டாலர்னு மதிப்பிட்டாங்க. சர்வர் தாங்குச்சா? தாங்கிச்சு. எப்படின்னா, ஆட்டத்தோட நேரத்தையே பத்துல ஒரு பங்கா மெதுவாக்கிட்டாங்க! ஒரு நொடியில நடக்க வேண்டியது பத்து நொடியில நடந்தது. ஆட்டக்காரங்க கடுப்பானாங்கதான். ஆனா, அழிஞ்ச கப்பல் அழிஞ்சதுதான், தப்பிச்ச கப்பல் தப்பிச்சதுதான்.

மேட்டர் இவ்வளவுதான் மக்களே... லேட்டா வந்தா திட்டுவாங்க, தப்பா வந்தா ஆட்டத்தையே விட்டுட்டுப் போயிடுவாங்க.

மினி ப்ராஜெக்ட்டுக்கு மறுபடியும் 'லைப்ரரி மேனேஜ்மென்ட்'தானா? ஒரு மாறுதலுக்கு, ரெண்டு பேர் கத்தி மாத்திக்கிற ப்ரோக்ராம் எழுதுங்க. பாதியில ப்ளக்கைப் பிடுங்குங்க. கம்ப்யூட்டரைத் திரும்ப ஆன் பண்ணிட்டு எத்தனை கத்தி இருக்குன்னு எண்ணுங்க. ஒண்ணுன்னா நீங்க பாஸ்!