ஒரே தொட்டியில் மீனும் நியூட்டுமா?

"கூடி வாழ்ந்தால் கோடி நன்மை" என்று சிறு வயது முதலே படித்து வருகிறோம். ஆனால் யார், யாரோடு, யாருடைய விருப்பப்படி கூடி வாழ்வது என்று நாம் கேட்பதில்லை. அக்கேள்வியை என்னுள் எழுப்பியது ஒரு கண்ணாடித் தொட்டி.

இங்கிலாந்தில் நர்ஸாகப் பணிபுரியும் என் சித்தியின் மகன் ஒருநாள் தொலைபேசியில், "அக்கா, என் கப்பி மீன்களோடு இரண்டு நியூட் வாங்கி விடப்போகிறேன். அழகாக இருக்குமல்லவா?" என்று கேட்டான். நியூட் தவளைக்கு உறவான பிராணி. பார்வைக்குப் பல்லி போலிருக்கும். நம் தமிழ்நாட்டில் அது இல்லை. இந்தியாவில் டார்ஜிலிங் போன்ற கிழக்கு இமயமலைப் பகுதிகளிலும் வடகிழக்கிலும்தான் அவ்வினம் உண்டு. தம்பி விரும்பியது, கரிய முதுகும் சிவந்த வயிறும் கொண்ட சீன நாட்டு நெருப்பு வயிற்று நியூட். அழகானதுதான். ஆயினும் நான் "வேண்டாம்" என்றேன்.

காரணம், என் பழைய தவறு. எட்டு வயதில், மழைக்காலத்தில், வயல் வாய்க்காலில் தலைப்பிரட்டைகளைப் பிடித்து வந்து வீட்டுத் தங்கமீன் தொட்டியில் விட்டேன். எல்லோரும் நண்பர்களாகிவிடுவார்கள் என்று எண்ணினேன். மறுநாள் காலை ஒன்றுகூட மிஞ்சவில்லை! தங்கமீன் ஒன்றும் அறியாததுபோல் வாயைத் திறந்து மூடிக்கொண்டிருந்தது. குற்றம் மீனுடையதன்று, உண்பது அதன் இயல்பு. குற்றம் என்னுடையதே.

நியூட்டின் நிலையும் இதுதான். கப்பி மீனுக்கு 25 டிகிரி அளவில் வெதுவெதுப்பான நீர் வேண்டும். அந்த நியூட்டுக்கோ 20 டிகிரிக்குக் குறைந்த குளிர்ந்த நீரே ஏற்றது. நடுவில் ஒரு சூட்டை வைத்தால் இருவருக்குமே துன்பம். நியூட் மெல்ல நகர்ந்து மெல்ல உண்ணும். வேகமான மீன்கள் இரையைப் பறித்துக்கொள்ளும். அதன் வாலையும் விரல்களையும் கடிக்கும். சிறிய மீனாயின் நியூட்டே அதை விழுங்கிவிடும்.

"நியூட்டின் தோலில் விஷம் உண்டே; அது தன்னைக் காத்துக்கொள்ளாதா?" எனலாம். கடித்த மீன் சாவதால் கடிபட்ட நியூட்டுக்கு என்ன லாபம்? "இழந்த கால் மீண்டும் வளருமே!" எனலாம். உண்மை; வளரும். ஆனால் வளரும் என்பதற்காகக் கடிபட விடுவது நியாயமாகுமா? "இயற்கையில் சேர்ந்து வாழவில்லையா?" எனலாம். குளத்தில் தப்பி ஓட இடமுண்டு, மறையப் புதருண்டு. தொட்டியில் நான்கு கண்ணாடிச் சுவர்களே உண்டு.

குளத்திலும்கூட மனிதன் கொண்டுவந்து விடும் மீன்கள் கேடு செய்கின்றன. சீனாவின் குன்மிங் நகரருகே உள்ள ஏரியில் நெருப்பு வயிற்று நியூட்டின் நெருங்கிய உறவினம் ஒன்று வாழ்ந்தது. நீர் மாசுபட்டது, வெளியிலிருந்து புதிய மீன்களும் வந்து சேர்ந்தன. 1979க்குப் பின் அந்த நியூட்டை எவரும் காணவில்லை. இன்று அது உலகிலேயே இல்லை.

ஆகவே தோழியரே, வளர்க்க விரும்பினால் இரண்டு தொட்டிகள் வையுங்கள். இரண்டுக்கு வசதியில்லையென்றால் ஒன்றை மட்டும் வளருங்கள். நம் கண்ணுக்கு விருந்தாவதற்காக ஓர் உயிர் ஓயாமல் அஞ்சி வாழ்வது அன்பாகாது.

தம்பி முதலில் கோபித்துக்கொண்டான். இப்போது இரண்டாவது தொட்டிக்காக உண்டியலில் காசு சேர்க்கிறானாம். சித்தி சொன்னபோது, அன்று நான் கொன்ற தலைப்பிரட்டைகள் என் நினைவுக்கு வந்தன. கூடி வாழ்வது கோடி நன்மைதான். ஆனால் அவரவர்க்கு ஏற்ற இடத்தை முதலில் கொடுத்துவிட்டு அதைச் சொல்வோம்.

— பத்தாம் வகுப்பு மாணவி, 'ஆ' பிரிவு