மூலையில் கிடக்கும் பெட்டி



ஜூஜுவாடியில் நம் இல்லங்கள் பலவற்றின் கூடத்து மூலையில் சிறு பெட்டி ஒன்று பச்சை விளக்கைச் சிமிட்டிக்கொண்டிருக்கிறது. அயல்நாட்டில் உழைக்கும் மகனின் முகத்தைத் தாய்க்குக் காட்டுவது அந்த இணைய மோடம்தான். வாசல் கேமராவும் அதனோடு பிணைந்திருக்கிறது. இவற்றுக்குள்ளும் ஒரு கணிப்பொறி இயங்குகிறது என்பதை நம்மில் எத்தனை பேர் அறிவோம்?

ஃபின்லாந்து மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் 1991-ல் வெளியிட்ட லினக்ஸ் மென்பொருளே இத்தகைய கருவிகள் பலவற்றை இயக்குகிறது. அதில் குறை காணப்பட்டால் உலகெங்குமுள்ள வல்லுநர்கள் திருத்திவிடுகிறார்கள். ஆனால், அத்திருத்தம் நம் பெட்டியைத் தானாக வந்தடைவதில்லை. கருவியைச் செய்த நிறுவனம் அதைத் தன் மாதிரிக்கேற்ப அமைத்துத் தரவேண்டும். பின்னர் அது கருவியில் ஏற்றப்படவேண்டும். விற்றவர் மறந்துவிடுகிறார், வாங்கிய நாமும் மறந்துவிடுகிறோம்.

விளைவு என்ன? 2016-ல் 'மிராய்' என்னும் தீய நிரல், தொழிற்சாலையில் இட்ட கடவுச்சொல் மாற்றப்படாத கேமராக்களையும் ரவுட்டர்களையும் இலட்சக்கணக்கில் கைப்பற்றியது. அவற்றின் துணையால் அமெரிக்காவில் பெரும் இணையதளங்கள் பல மணி நேரம் முடக்கப்பட்டன. 2017 ஜூலையில், நம் எல்லைக்கு அப்பால் கர்நாடகத்தில் பி.எஸ்.என்.எல். மோடம்கள் ஆயிரக்கணக்கில் செயலிழந்தன. மாற்றப்படாத 'அட்மின்' என்னும் கடவுச்சொல்லே பகைவனுக்குத் திறவுகோலாயிற்று.

"நம் வீட்டில் திருட என்ன இருக்கிறது?" என்று இருந்துவிடலாகாது. பூட்டாத வீடு, பிறரைக் கொள்ளையிடுவோர் பதுங்கும் இடமாகிவிடும். நம் பெண்டிரும் குழந்தைகளும் நடமாடும் முற்றத்தை அன்னியக் கண்கள் காணவும் கூடும்.

செய்யவேண்டியவை எளியவையே. முதலில் கடவுச்சொல்லை மாற்றுங்கள். பெட்டியை அணைத்துப் போட்டால் மிராய் போன்ற நிரல் அழியும்; ஆனால் பழைய கடவுச்சொல் இருக்குமானால் விரைவிலேயே திரும்ப நுழையும். அடுத்து, பெட்டியின் அடியில் உள்ள மாதிரி எண்ணைக் குறித்துக்கொண்டு, அதற்குரிய புதிய மென்பொருளை நிறுவனத்தின் தளத்திலிருந்து மட்டுமே பெறுங்கள். ஏற்றும்போது மின்சாரம் தடைப்படலாகாது. தடைப்பட்டால் பெட்டி பயனற்றுப் போகக்கூடும். வெளியிலிருந்து கேமராவைப் பார்க்கும் வசதி தேவையில்லையெனில் அதை நிறுத்திவிடுங்கள். நிறுவனம் கைவிட்ட பழைய கருவியை மாற்றிவிடுவதே நலம்.

பெருநாளுக்கு முன் வீட்டைத் துடைத்துத் தூய்மை செய்கிறோம் அல்லவா? ஆண்டுக்கு இருமுறை வரும் அந்நாட்களில், மூலையிலுள்ள பெட்டியின் தூசியைத் தட்டும்போது, அதன் உள்ளிருக்கும் மென்பொருளையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.