சுடாதிருக்கும் கடமை

இயந்திரங்களின்மீது மனிதர் கொள்ளும் பிரியம் பலவகைப்பட்டதாயினும், அமெரிக்க நாட்டில் கைத்துப்பாக்கியின்மீது அதன் அபிமானிகள் வைத்திருக்கும் பிரியத்தைப் போல இத்தனை நுட்பமும் இத்தனை பிடிவாதமும் கொண்டு, தந்தையிடமிருந்து மகனுக்கு வழிவழியாகவே இறங்கிவரும் பிரியம் வேறு ஏதேனும் உண்டா என்பது சந்தேகமே. எந்தப் பிஸ்டல் ஆயிரம் தோட்டாக்களைத் தடங்கலின்றிச் சுடும், எதன் கைப்பிடி உள்ளங்கைக்குள் இயல்பாக அமரும், எஃகுச் சட்டம் மேலா வார்த்தெடுத்த பிளாஸ்டிக் மேலா, விசையை இழுக்கையில் விரல் உணரும் கனம் எவ்வளவு இருக்கலாம் என்பன போன்ற வினாக்களில் அவர்கள் காட்டும் சிரத்தை, சங்கீத ரசிகர் ஒருவர் வித்துவானின் சுருதி சுத்தத்தை ஆராயும் சிரத்தைக்குச் சற்றும் குறைந்ததன்று. துப்பாக்கியைத் திரைப்படத்திலும் போலீஸ் அதிகாரியின் இடுப்பிலும் மட்டுமே கண்டு பழகிய நம்மவர்கள் இதனை வெறும் பித்து என்று ஒதுக்கிவிடலாம், அது நியாயமாகாது. அந்தப் பிரியத்துக்குள் உண்மையான ஞானம் உண்டு. ஆனால் அந்த ஞானம் பிஸ்டலின் இரண்டு கடமைகளில் ஒன்றைப் பற்றியே பெரிதும் வளர்ந்திருக்கிறது என்பதுதான் என் குறை.

முதலில் அந்த ஞானத்தின் பெருமையைச் சொல்லிவிடுவோம். யூட்டா மாகாணத்து ஆக்டன் நகரில், துப்பாக்கித் தொழிலாளி ஒருவரின் மகனாக 1855-இல் பிறந்த ஜான் மோசஸ் பிரௌனிங் என்பவர்தாம் இத்துறையின் மூலபுருஷர். தோட்டா வெடித்ததும் குழலும், ஸ்லைடு எனப்படும் அதன் மேலுறையும் ஒன்றோடொன்று பூட்டியபடியே சிறிது தூரம் பின்னுக்குச் சென்று, குண்டு வெளியேறி உள்ளிருக்கும் அழுத்தம் தணிந்தபின் குழலின் பின்பகுதி கீழே சாய்ந்து பூட்டு விடுபட, மேலுறை மட்டும் மேலும் பின்னேகி வெற்றுக்கூட்டை வெளியே எறிந்துவிட்டு, திரும்பி வருகையில் அடுத்த தோட்டாவைக் குழலுக்குள் தள்ளிக்கொண்டு வரும் என்ற அவருடைய அமைப்பே, இன்று ராணுவங்களும் போலீஸ் படைகளும் ஏந்தும் பிஸ்டல்களில் பெரும்பாலானவற்றுக்கு ஆதாரம். 1911 மார்ச் மாதத்தில் அமெரிக்க ராணுவம் நடத்திய பரீட்சையில் அவர் வகுத்த கோல்ட் பிஸ்டல் 6000 தோட்டாக்களை ஒரு தடங்கலுமின்றிச் சுட்டுத் தீர்த்தது. சூடு மிகுந்தபோது அதைத் தண்ணீரில் முக்கியெடுத்துப் பரீட்சையைத் தொடர்ந்தார்கள். போட்டிக்கு வந்த ஸாவேஜ் பிஸ்டலோ 37 முறை தடைப்பட்டது. அம்மாதம் 29-ஆம் நாள் ராணுவம் ஏற்றுக்கொள்ள, ஆண்டின் எண்ணாலேயே ‘1911’ என்று பெயர் பெற்ற அந்த ஆயுதம், 1985-இல் இத்தாலியப் பெரெட்டாவுக்கு இடம் விடும்வரை, எழுபது ஆண்டுகளுக்கு மேல் சேவையில் இருந்தது.

அதன் உறுதிக்குக் காரணம் என்ன என்று அபிமானிகளிடம் கேட்டால், அவர்கள் கூறும் விடை கேட்கத் தக்கது. ராணுவத்துக்கென்று செய்த 1911-இன் உறுப்புகளுக்கிடையே வேண்டுமென்றே சிறிது இடைவெளி விடப்பட்டது. ஆட்டினால் லேசாகக் கிலுகிலுக்கும் அந்தத் தளர்ச்சியே சேற்றையும் மணலையும் விழுங்கிக்கொண்டு இயங்கும் சக்தியை அதற்கு அளித்தது. குறி தவறாத துல்லியத்தை நாடிய போட்டியாளர்கள் அதே பிஸ்டலைத் தேர்ந்த கம்மியரிடம் கொடுத்து இடைவெளிகளை இறுக்கிக்கொண்டார்கள். துல்லியம் வந்தது, தூசியைப் பொறுக்கும் குணம் போயிற்று. பழுதுகளில் பெரும்பகுதி பிஸ்டலில் இல்லை, தோட்டாக்களை அடுக்கி வைக்கும் மேகசினின் வளைந்த உதடுகளில் இருக்கிறது என்பதையும், சுடுபவர் மணிக்கட்டைத் தளரவிட்டால் மேலுறை முழுத்தூரம் பின்னே செல்லாமல் குறைப்பட்டு வெற்றுக்கூடு இடையில் சிக்கிக்கொள்ளும் என்பதையும் கற்பிப்பவர்கள் அவர்களே. இவ்வளவும் அனுபவத்தால் திரட்டிய அறிவு. இதற்கு மரியாதை செய்தே ஆக வேண்டும்.

சௌந்தரியம் பற்றிய அபிப்பிராயங்களும் அப்படியே வெறும் மோகமல்ல. ஜெர்மானியர் 1908-இல் தம் தரைப்படைக்கு ஏற்ற லூகர் பிஸ்டலின் சாய்ந்த கைப்பிடி, கையை நீட்டினாலே குழல் இலக்கை நோக்கும்படி அமைந்தது என்று இன்றளவும் புகழ்வார்கள். முழங்கால் மடங்குவதுபோல் மேலெழுந்து மடங்கும் அதன் பூட்டோ அழுக்கையும் தரங்குறைந்த தோட்டாவையும் பொறுக்காது என்பதையும் உடனே சேர்த்துச் சொல்வார்கள். இத்தகைய விமரிசனம் இலக்கியத்தையே மாற்றிய வரலாறும் உண்டு. தம் கதாநாயகன் ஜேம்ஸ் பாண்டின் கையில் சிறிய பெரெட்டா ஒன்றை ஆசிரியர் இயான் ஃபிளெமிங் கொடுத்திருக்க, ஜெஃப்ரி பூத்ராய்ட் என்ற ஆயுதப் பிரியர் அது ஆண்மகனுக்கு ஏற்ற ஆயுதமன்று என்று 1956-இல் கடிதம் எழுதினார். 1958-இல் வெளிவந்த ‘டாக்டர் நோ’வில் பாண்ட் வால்தர் பிபிகே-க்கு மாறினான், பூத்ராய்டின் பெயரும் கதையில் ஆயுதக் காப்பாளரின் பெயராக இடம்பெற்றது.

ஆயினும், ஆயுதத்தின் வடிவையும் உறுதியையும் மட்டும் பேசும்போது ஒன்றை மறக்கலாகாது. சட்டைப் பைக்குள் எங்கும் சிக்காதபடி வழவழப்பாக வகுக்கப்பட்ட பிரௌனிங்கின் சிறிய பெல்ஜியப் பிஸ்டல், 1914-இல் சராயேவோ வீதியில் ஆஸ்திரிய இளவரசரையும் அவர் மனைவியையும் மாய்த்தது. 1948 ஜனவரி 30 அன்று டில்லியின் பிரார்த்தனை மைதானத்தில் மகாத்மாவின் மார்பில் மூன்று குண்டுகளைச் செலுத்தியது பெரெட்டாவின் 1934-ஆம் ஆண்டு மாதிரி. இரண்டுமே அன்று பழுதின்றி இயங்கின. யார் கையில் இருக்கிறோம் என்று அவை கேட்கவில்லை; கேட்கும்படி எவரும் அவற்றை நிர்மாணிக்கவுமில்லை.

பிஸ்டலின் முதற் கடமை, உரியவர் வேண்டும்போது தவறாமல் சுடுவது. இரண்டாவது, வேண்டாதபோது சுடாதிருப்பது: கை தவறிக் கீழே விழுந்தாலும், காலியென்று எண்ணி ஒருவர் விசையை இழுத்தாலும், மேசை இழுப்பறையைத் திறந்த குழந்தையின் கையில் அகப்பட்டாலும். முதலாவதற்குப் பல்லாயிரம் தோட்டாக்களைச் செலவிட்டுப் பரீட்சை செய்யும் அபிமானிகள், இரண்டாவதற்கான உபாயம் ஏதேனும் தம் பிஸ்டலுக்குள் புகுந்தால் அதை அந்நியப் பொருளாகவே பார்க்கிறார்கள்.

போற்றுதலுக்குரிய அந்த 1911-ஐயே எடுத்துக்கொள்வோம். தோட்டாவின் அடியைத் தாக்கும் அதன் ஊசியைத் தடுத்து நிறுத்த ஆதியில் எதுவும் இல்லை. குழலில் தோட்டாவுடன் பிஸ்டல் வாய்ப்புறமாகத் தரையில் விழுந்தால், ஊசி தன் வேகத்தாலேயே முன்னோக்கிப் பாய்ந்து சுட்டுவிடக் கூடும். இதற்கு 1930-களின் கடைசியிலேயே ஒரு தடையைக் கோல்ட் கம்பெனி சில பிஸ்டல்களில் பொருத்தியது. யுத்தம் வந்ததும் அது கைவிடப்பட்டது. 1983-இல் ‘சீரீஸ் 80’ என்ற வரிசையில், விசையை முழுவதும் இழுத்தாலன்றி ஊசி நகராதபடி ஒரு முளை மீண்டும் வைக்கப்பட்டது. அபிமானிகளில் பலர் இதை எப்படி வரவேற்றார்கள்? கூடுதலான சிறு நெம்புகோல்களால் விசையின் மிருதுத்தன்மை கெட்டுவிட்டது என்றார்கள். பழைய வரிசையைத் தேடித் தேடி அதிக விலை கொடுத்து வாங்கினார்கள். வாங்கிய புதியதிலிருந்து அந்த உறுப்புகளைக் கழற்றியவர்களும் உண்டு. விரல்நுனி உணரும் ஓர் உராய்வுக்காக, தரையில் விழும் பிஸ்டல் சுடாது என்ற உறுதியை விட்டுக்கொடுக்கும் இந்த ரசனையை என்னால் ரசனையென்று ஏற்க இயலவில்லை.

மேகசினைக் கழற்றிவிட்டால் விசை இயங்காதபடி செய்யும் உபாயத்தின் கதியும் இதுவே. பிரௌனிங் தொடங்கி, அவர் 1926-இல் லியேஜ் நகரில் காலமான பின் தியூதொன்னே சேவ் முடித்து, 1935-இல் வெளிவந்த ‘ஹை பவர்’ பிஸ்டலில் அது இருந்தது. நம் நாட்டில் இஷாப்பூர் துப்பாக்கித் தொழிற்சாலை ராணுவத்துக்காகச் செய்து தந்ததும் அந்த ஹை பவரின் வழிவந்ததே. மேகசினை எடுத்துவிட்டால் துப்பாக்கி காலியாகிவிட்டது என்று நினைப்பது அறியாதவர்களின் இயல்பு. குழலுக்குள் தங்கிவிட்ட ஒற்றைத் தோட்டா அவர்கள் கண்ணுக்குத் தெரிவதில்லை. அந்த ஒற்றைத் தோட்டாவுக்கு எதிரான காவலை, விசை கரடுமுரடாகிறது, அவசரத்தில் மேகசின் நழுவினால் கையிலுள்ளது இரும்புத்துண்டாகிவிடும் என்று கூறி முதல் வேலையாக அகற்றிவிடுகிறார்கள்.

கிளாக் பிஸ்டலின் கதை சற்று வேறு. ஆஸ்திரியாவில் திரைச்சீலைக் கம்பிகளும் ராணுவக் கத்திகளும் செய்துகொண்டிருந்த காஸ்டன் கிளாக், அதற்குமுன் துப்பாக்கி எதையும் வகுத்திராதவர், 1982-இல் தம் நாட்டு ராணுவம் ஏற்கும்படி பிளாஸ்டிக் சட்டமும் 17 தோட்டாக் கொள்ளளவும் உடைய பிஸ்டலைப் படைத்தார். அழகற்றது, செங்கல்லைப் போன்றது என்று பழமைவாதிகள் பழித்த அதுவே, சில பத்தாண்டுகளுக்குள் அமெரிக்கப் போலீஸாரிடையே மிகப் பரவலான ஆயுதமாயிற்று. கீழே விழுந்தால் சுடாதபடி உள்ளேயே தடைகள் வைத்த கிளாக்கை இவ்வகையில் பாராட்டத்தான் வேண்டும். ஆனால் துடைத்துச் சுத்தம் செய்யக் கழற்றுமுன் விசையை ஒருமுறை இழுத்தாக வேண்டும் என்ற அதன் ஏற்பாடு, குழலைப் பார்க்க மறந்த ஒரு கணத்தில் உயிர்ப்பலி வாங்கக் கூடியது. விசையைத் தொடாமலே கழற்றும்படி வேறு கம்பெனிகள் செய்திருக்கின்றன. ஆகவே அது தவிர்க்கவியலாத தேவையும் அன்று.

 

அபிமானிகளின் பதிலையும் கேட்போம். பாதுகாப்பு இயந்திரத்தில் இல்லை, மனிதரின் பழக்கத்தில் இருக்கிறது என்பது அவர்கள் சித்தாந்தம். அரிஸோனாவில் 1976-இல் பயிற்சிக்கூடம் நிறுவிய ஜெஃப் கூப்பர் வகுத்த நான்கு விதிகளை, எல்லாத் துப்பாக்கியும் தோட்டா நிறைந்ததென்றே கருதுவது முதல் இலக்கை நிச்சயித்துக்கொள்வது வரை, அவர்கள் வேதம்போல் ஓதுகிறார்கள். நல்ல விதிகள், அவற்றைக் கடைப்பிடிப்பவரால் விபத்து நேர்வது அரிது. ஆயின், அந்த விதிகளைக் கற்காதவர் கைக்கும் பிஸ்டல் போய்ச் சேர்கிறதே! அந்நாட்டில் 2021-இல் துப்பாக்கியால் மாண்ட 48,830 பேரில் விபத்தென்று பதிவானவர் 549 பேர்தாம், தற்கொலை செய்துகொண்டவர் 26,328 பேர் என்று புள்ளிவிவரம் காட்டி, விபத்துப் பேச்சு மிகைப்பட்டது என்பாரும் உண்டு. ஓர் ஆண்டில் விபத்தால் மட்டுமே 549 உயிர்கள் போவதைச் சிறிதென்று சொல்ல என் நா எழவில்லை. பிறர் எடுத்தால் இயங்காத பிஸ்டல் இருந்திருப்பின், வீட்டிலிருந்த ஆயுதத்தை எடுத்து உயிர்நீத்த இளைஞர்களில் எத்தனையோ பேர் பிழைத்திருப்பர் என்பதும் எண்ணத் தக்கது.

அத்தகைய பிஸ்டலும் வராமலில்லை. கைக்கடிகாரம் போன்ற ஒரு கருவி அருகிலிருந்தாலன்றிச் சுடாத ஜெர்மன் பிஸ்டல் ஒன்றை 2014-இல் விற்க முன்வந்த மேரிலாந்து வியாபாரி, மிரட்டல்களுக்கு அஞ்சிப் பின்வாங்கினார். இதில் பழி முழுவதும் அபிமானிகளைச் சாராது. இத்தகைய பிஸ்டல் நாட்டில் எங்கேனும் விற்பனைக்கு வந்தால் மூன்று ஆண்டுகளில் தன் எல்லைக்குள் மற்றவற்றின் விற்பனையே நிற்க வேண்டும் என்று நியூ ஜெர்ஸி மாகாணம் 2002-இல் இயற்றிய சட்டம், புதுமையை விரும்பியிருக்கக் கூடியவர்களையும் அதன் சத்துருக்களாக்கிவிட்டது. 2019-இல்தான் அது திருத்தப்பட்டது. ஒரு கண்டுபிடிப்பைக் கட்டாயத்தோடு பிணைத்துக் கொன்ற சட்டம் என்றே அதனைச் சொல்வேன்.

மற்றொரு சட்டம் இதனினும் விபரீதமானது. நுகர்பொருள்களின் அபாயத்தைக் கண்காணிக்க அமெரிக்கா 1972-இல் இயற்றிய சட்டம் துப்பாக்கிகளைத் தன் எல்லைக்கு வெளியே நிறுத்திற்று. பொம்மைத் துப்பாக்கியின் குறைக்காக அதனைத் திரும்பப் பெறச் செய்யும் அதிகாரம் அச்சட்டம் அமைத்த ஆணையத்துக்கு உண்டு; விழுந்தால் சுடும் மெய்த்துப்பாக்கியைத் திரும்பப் பெறும்படி ஆணையிட மத்திய அதிகாரி ஒருவரும் இல்லை. இந்நிலையில் உற்பத்தியாளர்கள் அஞ்சுவது பெரும்பாலும் இரண்டுக்குத்தான்: நீதிமன்ற வழக்கு, வாங்குவோரின் வெறுப்பு. வாங்குவோரின் வெறுப்புக்கு எத்தகைய வலிமை என்பதை ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் அறியும். 2000-இல் கிளின்டன் அரசாங்கத்தோடு பாதுகாப்பு ஒப்பந்தம் செய்துகொண்டதற்காக அபிமானிகள் அதனைப் பகிஷ்கரித்தார்கள். 1987-இல் சுமார் 11 கோடி டாலருக்கு வாங்கப்பட்ட அந்தக் கம்பெனி 2001-இல் ஏறக்குறைய ஒன்றரைக் கோடி டாலருக்குக் கைமாறிற்று.

அதே கம்பெனி 1880-களில், கைப்பிடியை நன்கு அழுத்திப் பிடித்தாலன்றிச் சுடாத ரிவால்வர் ஒன்றைச் செய்து, சிறு குழந்தையால் இதனைச் சுட முடியாது என்று பெருமையோடு விளம்பரம் செய்தது. அது அரை நூற்றாண்டுக்கு மேல் விற்பனையில் இருந்தது. இன்று அதைச் சேகரிப்போர் பெருமதிப்புடன் பேணுகிறார்கள். இரண்டு கடமைகளும் ஒரே ஆயுதத்தில் பொருந்தாதவை என்ற வாதத்துக்கு அவர்களுடைய கண்ணாடிப் பெட்டிக்குள்ளேயே மறுப்பு இருக்கிறது.

ஒரு பெருங்கம்பெனியை மண்டியிடச் செய்த அந்தச் சக்தியை அபிமானிகள் இன்னொரு காரியத்துக்குப் பயன்படுத்த வேண்டும் என்பதே என் வேண்டுகோள். புதிய பிஸ்டலைப் பரீட்சித்து எழுதும் பத்திரிகைகள், இத்தனை தோட்டாக்களில் இத்தனை தடங்கல் என்று அச்சிடுகின்றன. கலிபோர்னியாவில் 2001 முதல் சட்டப்படி நடப்பதைப் போல, சுமார் ஒரு மீட்டர் உயரத்திலிருந்து கான்கிரீட் தரைமீது பல நிலைகளில் விழவிட்டபோது என்ன நேர்ந்தது, விசையைத் தொடாமல் கழற்ற முடிகிறதா, குழலில் தோட்டா இருப்பதைப் பயிற்சியற்றவரும் ஒரு பார்வையில் அறிய முடிகிறதா என்பவற்றையும் அதே பக்கத்தில் அச்சிடும்படி வாசகர்களே கேட்கட்டும். கேட்டும் மறைக்கும் கம்பெனியின் பிஸ்டலை, அது எத்தனை ஆயிரம் தோட்டாக்களைத் தடையின்றிச் சுட்டாலும், வாங்க மறுக்கட்டும்.