ஆறு பேரை வரிசையில் நிறுத்தினால் தடுப்பாகிவிடுமா?

பள்ளிகளுக்கிடையிலான ஹேண்ட்பால் போட்டியில் 14 வயதுக்குட்பட்ட அணி ஒன்று தடுப்பாட்டத்துக்குத் திரும்புவதைப் பாருங்கள். ஆறு பேரும் ஓடிவந்து 6 மீட்டர் கோட்டோரம் தோளோடு தோள் நிற்பார்கள், கைகள் மேலே. பந்து இடமிருந்து வலம் போனால் வரிசையும் கூடவே நகரும். தூரத்திலிருந்து எறிய அந்த வயதுப் பிள்ளைகளுக்குத் தோளில் வலு போதாது. அதனால் கோல் அதிகம் விழாது, பயிற்சியாளருக்கும் திருப்தி. இந்தத் திருப்திதான் கெடுதல் என்பது என் கட்சி.

6-0 என்ற அந்த அமைப்பு மோசமானதல்ல. 2008, 2012 ஒலிம்பிக் இரண்டிலும் தங்கம் வென்ற பிரான்ஸ் அணியின் தடுப்பு நடுவில் நின்றவர் திதியே தினார். அணி தாக்கப் போனால் பெரும்பாலும் மாற்று ஆட்டக்காரருக்கு இடம்விட்டு வெளியே வந்துவிடுவார், தடுப்புக்கென்றே இருந்தவர். அப்படிப்பட்ட சுவர், வளர்ந்தவர்கள் பல ஆண்டு பழகியபின் எழுவது. நாம் அதை முதல் பாடமாக வைக்கிறோம். ஜெர்மனியில் சிறுவர் பிரிவுகளில் கோட்டோரம் ஒட்டி நிற்க அனுமதியில்லை. முதலில் ஆளுக்கு ஆள், பிறகு முன்னேறி நிற்கும் திறந்த அமைப்புகள். 6-0 வளர்ந்த பிறகுதான்.

கூட்டுத் தடுப்பை ஆறு பேரை வைத்துத் தொடங்கக் கூடாது, இருவரை வைத்துத் தொடங்க வேண்டும். 6 மீட்டர், 9 மீட்டர் கோடுகளுக்கு நடுவே ஏழெட்டு மீட்டர் அகலத்துக்குக் கோன் வையுங்கள். தாக்க இருவர், தடுக்க இருவர், பின்னாலிருந்து பந்து தர ஒருவர். தாக்குகிறவர்கள் ஒருவர் பாதையை ஒருவர் வெட்டி ஓட வேண்டும். அந்த நொடியில் தடுப்பவர்களுக்கு இரண்டே வழி: ஆளை மாற்றிக்கொள்வது, அல்லது கூட்டாளிக்குப் பின்புறமாக நுழைந்து தன் ஆளையே தொடர்வது. இரண்டும் சரிதான். ஒருவர் மாறிக்கொள்ள, மற்றவர் தொடர, ஒரே ஆளை இருவரும் பிடித்துக்கொண்டு இன்னொருவரைக் கோட்டைவிடுவதுதான் தவறு. மாற்றிக்கொள்வதாக இருந்தால் இருவரும் ஒரே ஆழத்தில் நிற்க வேண்டும். ஒருவர் முன்னேயும் மற்றவர் பின்னேயும் நின்றால் எதிராளி இடையில் நழுவிவிடுவார்.

இதில் ஒரு விதி சேர்க்கிறேன். மாறும்போது “மாறு”, தொடரும்போது “என் ஆள்” என்று உரக்கச் சொல்ல வேண்டும். வாய் திறக்காமல் பந்தைப் பறித்தாலும் புள்ளி எதிரணிக்குத்தான். பிள்ளைகள் கொதித்துப் போவார்கள். இரண்டு வாரத்தில் மைதானமே சந்தைக்கடை போலாகிவிடும், அதுதான் வேண்டும். ஆனால் நம் மைதானங்களில் கத்துவது பயிற்சியாளர் மட்டும். “போ, போ, பின்னாடி பாரு!” என்று அவர் சொல்லிக்கொண்டே இருந்தால் பிள்ளைகள் ஏன் பேசப்போகிறார்கள்? இந்தப் பயிற்சி நடக்கும்போது விசிலைத் தவிர அவர் வாயிலிருந்து எதுவும் வரக் கூடாது.

அடுத்தது மூவருக்கு மூவர். தாக்குகிறவர்களில் ஒருவர் பிவட். கோட்டோரம் முதுகைக் காட்டி நிற்பவர். சிக்கல் இங்கேதான் முற்றுகிறது. பந்து வைத்திருப்பவரை நோக்கி முன்னே பாயும் தடுப்பாளருக்குத் தன் முதுகுப்புறம் நடப்பது தெரியாது. பக்கத்தில் இருப்பவர் தெரிந்து சொல்ல வேண்டும், சொன்ன கையோடு உள்ளே சுருங்கி அந்த இடைவெளியை மூட வேண்டும். முன்னே பாய்பவர் பந்து காற்றில் இருக்கும்போதே கிளம்ப வேண்டும். எதிராளி பிடித்த பிறகு கிளம்பினால் அவர் தாண்டிப் போய்விடுவார். மடக்கிய கையால் உடலைத் தொட்டுத் தொடர விதி இடம் தருகிறது. இழுத்தால், கட்டிப்பிடித்தால், தள்ளினால் இரண்டு நிமிடம் வெளியே உட்கார நேரிடலாம். நாம் பாய்ந்தவரைத்தான் கைதட்டிப் பாராட்டுகிறோம். பின்னால் மூடியவரை யாரும் கவனிப்பதில்லை. ஆகவே பிவட்டுக்குப் பந்து போனால் நான் புள்ளியைக் கழிப்பது பக்கத்திலிருந்தவர்களின் கணக்கில்.

கபடியில் சங்கிலி போட்டுப் பழகிய நம் பிள்ளைகளுக்குச் சேர்ந்து பிடிப்பது புதிதல்ல. ஆனால் அங்கே வருவது ஒருவர். இங்கே ஆறு பேரிடம் பந்து கைமாறிக்கொண்டே இருக்கிறது. கபடிக் கால்கள் பந்திருக்கும் பக்கமே குவிந்துவிடுகின்றன, எதிர்ப்பக்க விங் காலியாகிறது.

இரண்டு நிமிடத் தண்டனையில் ஆள் குறையும் நேரத்துக்காக நால்வரை மூவர் தடுக்கும் பயிற்சியும் வேண்டும். அதில் கோல் விழாமல் காப்பதை மட்டும் இலக்காக வைத்தால் பிள்ளைகள் சோர்ந்துவிடுவார்கள். இழுத்தடிக்கும் ஆட்டத்துக்கு நடுவர் கையுயர்த்தி எச்சரித்தபின் தாக்கும் அணிக்கு நான்கு பாஸ்தான்; 2022 வரை ஆறு இருந்தது. பயிற்சியாளர் கையை உயர்த்தட்டும், மூவரும் அந்த நான்கு பாஸ்வரை தாக்குப்பிடிக்கட்டும். நேரத்தை வாங்குவதும் தடுப்புதான் என்பது அப்போது பிடிபடும்.

கோல்கீப்பரைத் தனியே ஒரு மூலையில் பயிற்றுவிக்கும் வழக்கமும் போக வேண்டும். தடுப்பாளர் கையுயர்த்தி கோலின் எந்தப் பக்கத்தை மறைக்கிறார், மிச்சத்தில் கீப்பர் எங்கே நிற்கிறார் என்பது முன்கூட்டியே இருவரும் பேசிவைத்த ஒப்பந்தம். எதிராளி இல்லாமல் கோட்டோரம் பக்கவாட்டில் ஓடவிடுவதைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. உடல் சூடேற உதவும், அவ்வளவுதான்.

மாவட்ட அளவில் 14 வயதுக்குட்பட்டோர் போட்டிகளில் 6-0 கூடாது என்ற விதியை ஓராண்டு சோதித்துப் பார்க்கலாம். குறைந்தது இருவராவது 9 மீட்டர் கோட்டை ஒட்டியோ அதற்கு வெளியிலோ நிற்க வேண்டும் என்று வைத்தால் நடுவருக்குக் கண்காணிப்பதும் எளிது. கோல்கள் கூடும். 30-28 என்றெல்லாம் ஆட்டம் முடியும். தோற்ற பள்ளியின் ஆசிரியர் மேசைக்கு வந்து சண்டை போடுவார். மாவட்ட உடற்கல்வி ஆய்வாளர்கள் அந்த ஓராண்டுக்கு மட்டும் அதைப் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

- கட்டுரையாளர், ஹேண்ட்பால் பயிற்சியாளர்.