6174 – ஒரு பள்ளி ஆசிரியரின் எண்

"இதனால் என்ன பயன்?" என்று கேட்டுக் கேட்டே பிள்ளைகளுக்குக் கணக்கின் மேல் இருந்த ஆசையைக் கெடுத்துவிட்டோம் என்பது என் கருத்து.

6174ஐப் பாருங்கள். நான்கு இலக்க எண் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். நான்கும் ஒரே இலக்கமாக இருக்கக் கூடாது. நாடு சுதந்திரம் பெற்ற 1947 ஆகட்டும். இலக்கங்களை இறங்குவரிசையில் எழுதி, ஏறுவரிசையில் எழுதியதை அதிலிருந்து கழியுங்கள். 9741 – 1479 = 8262. விடையையும் இப்படியே செய்துகொண்டு போனால் 6354, 3087, 8352, பிறகு 6174. அதற்கு மேல் நகராது; 7641 – 1467 = 6174தான்! விடை மூன்று இலக்கமானால் முன்னால் ஒரு பூஜ்யம் சேர்த்துக்கொள்ளுங்கள். எங்கே தொடங்கினாலும் ஏழு கழித்தலுக்குள் இங்கே வந்து நிற்கும்.

கண்டுபிடித்தவர் மகாராஷ்டிராவின் தேவ்லாலியில் பள்ளி ஆசிரியராக இருந்த கப்ரேகர். கணிதம் படித்த பெரியவர்கள் பலர் வெறும் விளையாட்டு என்று ஒதுக்கினார்கள். 1962இல் ஓய்வு பெற்றவர், பென்ஷன் போதாமல் டியூஷன் எடுத்தார். 1975இல் அமெரிக்காவின் மார்ட்டின் கார்ட்னர் அவரைப் பற்றி எழுதிய பிறகுதான் உலகம் திரும்பிப் பார்த்தது.

விளையாட்டுதான், இருக்கட்டுமே! பேரப்பிள்ளையிடம் தாளும் பென்சிலும் கொடுத்துப் பாருங்கள். கடன் வாங்கிக் கழிப்பதை அலுக்காமல் ஏழு தடவை செய்யும். முடிவில் "ஏன் தாத்தா இப்படி வருது?" என்று கேட்டால், அதைவிட வேறென்ன பயன் வேண்டும்?